இரண்டு அங்குலப் பனியில் நின்றுபோன நகரம்

(கணியம்பாடியில் நடந்த நம் பழைய மாணவர் சந்திப்பில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

செயலாளர் போன் பண்ணி, "அமெரிக்காவைப் பத்தி ஏதாவது பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். விசா எப்படி வாங்குவது, எந்தப் பரீட்சை எழுதுவது என்பதையெல்லாம் சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். நான் படித்தது சிவில். பிழைப்பது ரோட்டில் எத்தனை வண்டி போகும், எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டு. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் குடியிருக்கிற அட்லாண்டா நகரம் 2014-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி இரண்டு அங்குலப் பனிக்கு எப்படி நின்றுபோனது என்ற கதை.

கணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு பனிப்பொழிவைப் பற்றி எதுக்குடா என்று நண்பர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் மார்கழிக் குளிருக்கே காதில் மப்ளர் கட்டுகிற ஆட்கள் நாம். கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் வேலூர் ரோட்டுக்கே வந்துசேருவேன்.

அட்லாண்டா அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர். கோக்கோ கோலா பிறந்ததும் அங்கேதான். நகர எல்லைக்குள் அன்றைக்கு இருந்தவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர்தான். சுற்றியுள்ள புறநகர்களைச் சேர்த்தால் அன்றைக்கே 55 லட்சம். அந்த 55 லட்சம் பேரில் பெரும்பாலானவர்களுக்கு பால் வாங்கப் போவதாக இருந்தாலும் காரை எடுத்தால்தான் உண்டு. வீடு ஒரு பக்கம், ஆபீஸ் இருபது மைலுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் வேறு திசை. வெயில் ஊர் அது. பனி வருஷத்தில் ஒரு நாள் இரண்டு நாள் எட்டிப் பார்த்தால் அதிகம்.

அன்று செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலேயே வானிலை அலுவலகம் எச்சரிக்கையைக் கூட்டிவிட்டது. இருந்தாலும் காலையில் வானம் சும்மா இருந்ததால் பள்ளிகள் திறந்தன, ஆபீஸ்கள் திறந்தன. மத்தியானம் பன்னிரண்டு மணியை ஒட்டிப் பனி விழ ஆரம்பித்தது. உடனே எல்லோருக்கும் ஒரே யோசனை. பள்ளி விட்டாச்சு, அரசு அலுவலகம் விட்டாச்சு, கம்பெனிகள் விட்டாச்சு, எல்லாம் ஒரு மணி ஒன்றரை மணி வாக்கில். வழக்கமாக மூன்று மூன்றரை மணி நேரத்தில் பரவி இறங்குகிற கூட்டம் ஒரே மணி நேரத்தில் ரோட்டில் இறங்கியது. ஏர்போர்ட்டில் அளந்த பனி மொத்தம் 2.6 அங்குலம். நம் சுண்டுவிரல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனி என்றால் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி விழும், அழகாக இருக்கும் என்றுதான் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வண்டிக்காரனுக்கு விரோதி அந்தப் பஞ்சு அல்ல. ஆயிரம் டயர்கள் அதன் மேல் ஏறி நசுக்கும்போது அது கொஞ்சம் உருகும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் உருகியது அப்படியே கண்ணாடி மாதிரி உறையும். அதன் மேல் பிரேக் போட்டால் வண்டி நிற்காது, வழுக்கும். இதற்கு மருந்து உப்பு. உப்பு தூவினால் தண்ணீர் உறைகிற வெப்பநிலை இறங்கும். ஆனால் உப்பைத் தூவ லாரி வர வேண்டும். லாரி வர ரோடு காலியாக இருக்க வேண்டும். ரோட்டில் கார்கள் பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கின்றன. கார் நகர உப்பு வேண்டும், உப்பு வரக் கார் நகர வேண்டும். முடிச்சு அங்கே விழுந்தது. அது அவிழ ஒரு இரவும் ஒரு பகலும் ஆனது.

நகரைச் சுற்றி 285-ஆம் நம்பர் வட்டச் சாலை ஒன்று இருக்கிறது. அதில் கன்டெய்னர் லாரிகள் வழுக்கி, தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் மடங்கி நின்றுவிட்டன. பின்னால் மைல் கணக்கில் கார்கள். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு இருபது மணி நேரம். பெட்ரோல் தீர்ந்தவர்கள் காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் பதிவாயின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அன்றிரவு வீடு போய்ச் சேரவில்லை. பள்ளியின் ஜிம்மில் பாய் விரித்துப் படுத்தார்கள், சிலர் பள்ளிப் பேருந்திலேயே கிடந்தார்கள். அவர்களை மீட்க தேசியக் காவல் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. ஹோம் டிப்போ கடைகள் ராத்திரி கதவைத் திறந்து வைத்து ஜனங்களை உள்ளே படுக்க விட்டன. அந்த வட்டச் சாலையிலேயே ஒரு காருக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் பிரசவம் பார்த்தார். தாயும் சேயும் நலம். அது அதிர்ஷ்டம். அதே ஜாமில் மாரடைப்பு வந்த ஒருவர் ஆம்புலன்சுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் டி.வி.யில் மற்ற மாநிலத்துக்காரர்கள் சிரித்தார்கள். ரெண்டு இஞ்சுக்கா இந்தக் கூத்து? நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இரண்டு அங்குலத்துக்குப் பள்ளிகூட லீவு விடமாட்டார்கள். நம் நண்பன் ஒருவன்கூட சிகாகோவிலிருந்து போன் பண்ணி, "இன்னாப்பா, ஐஸ் பெட்டியைத் திறந்து வெச்சா உங்க ஊரு நின்னுடுமா?" என்று கேட்டான். அரசியல்வாதிகள் ஆளுக்கு ஆள் விரலை நீட்டினார்கள். நகரத் தெருக்கள் மேயர் பொறுப்பு, பெரிய நெடுஞ்சாலைகள் மாநில அரசு பொறுப்பு, புறநகர்கள் அந்தந்த கவுண்டி பொறுப்பு. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம தாலுகா மாதிரி, அதிகாரம் மட்டும் அதிகம். கடைசியில் ஆளுநர் நேதன் டீல் மன்னிப்புக் கேட்டார். மாநிலம் பிறகு உப்பும் லாரியும் கூடுதலாக வாங்கிப் போட்டது. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 11-ஆம் தேதி வாக்கில், அடுத்த பனி வந்தது. இந்த முறை எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. சரி, பாடம் கற்றுக்கொண்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தை அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. இதே அட்லாண்டாவில் 1982 ஜனவரி 12-ஆம் தேதி இதே மாதிரி மத்தியானப் பனி, இதே மாதிரி எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, இதே மாதிரி நடுரோட்டில் காரை விட்டுவிட்டு நடந்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் லேன்கள் கூடின, கார்கள் அதைவிட வேகமாகக் கூடின.

இங்கே கொஞ்சம் கணக்கு. பேராசிரியர்கள் முன்னால் கணக்குப் போட இன்றைக்கும் கை நடுங்குகிறது. நல்ல நாளில் ஒரு லேனில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2,000 கார் போகும். காருக்கு ஒருத்தர், சில கார்களில் இரண்டு பேர். வண்டிகள் நின்றுவிட்டால் ஒரு மைல் நீளத்துக்கு ஒரு லேனில் 200 கார் அடைந்து நிற்கும். பத்து லேன் நெடுஞ்சாலை என்றால் ஒரு மைலில் 2,000 கார், அதிகமாகப் போனால் 2,400 ஆள். எட்டுப் பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் 800 பேர் சிரமமில்லாமல் போகலாம். அதாவது, ஒரு மைல் நீளத்துக்குப் பத்து லேனையும் அடைத்துக்கொண்டு உப்பு லாரிக்கு வழிவிடாமல் நிற்கிற அத்தனை பேரும் மூன்று ரயிலில் போயிருக்க வேண்டிய கூட்டம். பனி இந்தக் கணக்கை உண்டாக்கவில்லை. தினமும் இருக்கிற கணக்குத்தான். மற்ற நாட்களில் ஒன்றரை மணி நேரத் தாமதம் என்று சகித்துக்கொள்கிறோம். அன்று சகிக்க இடம் இல்லாமல் போனது.

அப்படியானால் அட்லாண்டாவில் ரயிலே இல்லையா? இருக்கிறது. மார்ட்டா என்று பெயர். 1979-லிருந்து ஓடுகிறது. 48 மைல் பாதை, 38 ஸ்டேஷன். அன்று இரவும் ஓடியது. ஜாமில் நின்ற பெரும்பாலோருக்கு அது வீட்டுப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த கதையின் நடுப்பகுதி.

அந்த ரயிலுக்கு ஐந்து கவுண்டி சேர்ந்து பணம் போட வேண்டும் என்பது ஆரம்பத் திட்டம். 1965-ல் காப் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். 1971 நவம்பரில் மற்ற கவுண்டிகளில் வாக்கெடுப்பு. ஃபுல்டன், டிகால்ப் இரண்டும் சரி என்றன. கிளேட்டன், குவின்னெட் இரண்டும் மாட்டோம் என்றன. ஒரு ரூபாய்ப் பொருளுக்கு ஒரு பைசா கூடுதல் வரி, அதுதான் வெளியில் சொன்ன காரணம். வாய்க்குள் சொன்ன காரணம் வேறு. நகரத்தில் கறுப்பு மக்கள் அதிகமாகிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்த காலம். ரயில் விட்டால் 'அவர்கள்' ஏறி இங்கே வந்துவிடுவார்கள் என்ற பயம். நம்மூரில் சேரித் தெருவுக்கு பஸ் நிறுத்தம் கிடைக்காமல் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1971 டிசம்பரில், ஜப்பானில் சப்போரோ என்ற ஊரில் சுரங்க ரயில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே குளிர்கால ஒலிம்பிக். வருஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் பனி கொட்டுகிற ஊர் அது, ஜனத்தொகை இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரயில் பாதை தரைக்கு மேலே வருகிற இடத்தில் பனி விழாமல் இருக்க பாதை நெடுகக் கூரை போட்டு மூடிவிட்டார்கள். ஐந்து மீட்டர் பனியில் அந்த ஊர் வேலைக்குப் போகிறது. ஆறு செண்டிமீட்டரில் எங்கள் ஊர் படுத்தது.

நான் குடியிருப்பது குவின்னெட் கவுண்டி, அந்த 'மாட்டோம்' கவுண்டி. அன்று நான் மிட்டவுனில் ஆபீஸிலிருந்து ஒரு மணிக்குக் கிளம்பி ரயிலேறினேன். அரை மணிக்குள் டோராவில் வந்துவிட்டது. டோராவில்தான் அந்தப் பக்கம் கடைசி ஸ்டேஷன். டிகால்ப் முடிகிற இடம், அதைத் தாண்டினால் குவின்னெட். ரயில் அங்கே கவுண்டி எல்லைக்குப் பயந்து நின்றுவிடும். காரை அங்கே நிறுத்திவிட்டுப் போவது என் வழக்கம். அங்கிருந்து வீடு பன்னிரண்டு மைல். அரை மணியில் ரயிலில் வந்தவன், அந்தப் பன்னிரண்டு மைலுக்கு மறுநாள் காலை பத்து மணி வரை செலவழித்தேன். கார் ஒரு மைல்கூட நகரவில்லை. ஓரங்கட்டிவிட்டு பஃபர்ட் ஹைவேயில் நடந்தேன். பிளாட்பாரம் இல்லாத ரோடு. மெக்சிக்கோக்காரர்கள், வியட்நாம்காரர்கள், கொரியாக்காரர்கள் என்று கார் வாங்க வசதியில்லாத ஜனங்கள் தினமும் புல்தரையில் மண்பாதை உண்டாக்கி நடக்கிற ரோடு அது. அன்று அந்த மண்பாதையில் கோட்டு சூட்டு போட்டவர்களும் நடந்தோம். ஒரு கொரியாக்காரர் கடையைச் சாத்தாமல் வைத்திருந்தார். பதினேழு பேர் அந்தக் கடையில் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். சூடாக நூடுல்ஸ் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "கார் வெச்சிருக்கிற நீங்க இன்னிக்கு நடந்து வர்றீங்க" என்று சிரித்தார்.

அதே வருஷம் நவம்பரில் கிளேட்டன் கவுண்டி மறுபடி ஓட்டுப் போட்டது. அங்கே 2010 மார்ச்சோடு, பணமில்லை என்று உள்ளூர் பஸ்ஸையே நிறுத்தியிருந்தார்கள். நாலரை வருஷம் வேலைக்கு நடந்தும், அடுத்தவன் காரைக் கெஞ்சியும் போன ஜனங்கள், நாலில் மூன்று பங்குக்கு மார்ட்டாவில் சேருகிறோம் என்று ஓட்டுப் போட்டார்கள். 2015 மார்ச்சில் பஸ் வந்தது. என் குவின்னெட் கவுண்டி? 2019 மார்ச்சில் வேண்டாம். 2020 நவம்பரில் ஏறக்குறைய ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வேண்டாம். 2024-லும் வேண்டாம். இதில் நமக்கு வருத்தம் என்னவென்றால், இப்போது அந்த கவுண்டியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்களும் நிறத்தவர்களும்தான். பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே நம்ம ஆட்கள், "ரயில் வந்தா வீட்டு விலை விழுந்துடும் சார், கண்டவன் வருவான்" என்று பேசுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கண்டவன் யார் என்று கேட்டால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

ரயிலும் பஸ்ஸும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அன்றிரவு மார்ட்டா பஸ்களும் கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றன. கனடாவில் டொரண்டோ பனிக்குப் பழகிய ஊர். அங்கேயே 1999 ஜனவரியில் பனியை அள்ள மேயர் ராணுவத்தைக் கூப்பிட்டார். 2022 ஜனவரி 17-ஆம் தேதி நூற்றுக்கணக்கான பஸ்கள் பனியில் புதைந்து நின்றன. நம் இலங்கைத் தமிழர்கள் நிறைய வசிக்கிற ஸ்கார்பரோ பகுதிக்கு இருந்த ஒரு சின்ன ரயில் பாதையும், 2023 ஜூலையில் பெட்டி தடம் புரண்டதோடு மூடப்பட்டு, அந்தக் கூட்டமும் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. காருக்கு நடுவில் ஓடுகிற பஸ்ஸும் ஒரு பெரிய கார்தான். அதற்கென்று தனி லேன் வேண்டும், அந்த லேனுக்கு முதல் உப்பு விழ வேண்டும். அப்போதுதான் அது பஸ்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. 2015 டிசம்பர் ஒன்று, இரண்டு தேதிகளில் சென்னை மூழ்கியபோது ரோடு போச்சு, மின்சார ரயில் நின்னு போச்சு. அந்த ஜூன் மாதம்தான் திறந்திருந்த மெட்ரோ, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை பத்து கிலோமீட்டர்தான், தூணுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அட்லாண்டாவில் நான் பார்த்ததே இங்கேயும்: ஓடுவது ஓடியது, ஆனால் கொஞ்ச தூரம்தான் இருந்தது. 2007-ல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயில், அடுத்துள்ள ஐந்து கிலோமீட்டர் பரங்கிமலைக்குப் போக நிலத் தகராறில் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. ரயில் தாமதமானால் ஜனங்கள் காத்திருப்பார்களா? கார் வாங்கினார்கள். 2024 அக்டோபரில் கனமழை என்று அறிவிப்பு வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டி.வி.யில் பார்த்துச் சிரித்தோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2015-லும் 2023-லும் கார் முழுகிப் போனவன் வேறென்ன செய்வான்? ஆனால் வெள்ளத்தில் ஆம்புலன்சும் படகு ஏற்றிய லாரியும் போக மிச்சமிருக்கிற வழி அந்த மேம்பாலம்தான். உப்பு லாரிக்கு நடந்த கதை நினைவுக்கு வருகிறதா?

வேலூரிலிருந்து கணியம்பாடி பதினைந்து கிலோமீட்டருக்குள். நாம் படித்த காலத்தில் பாகாயம் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். இப்போது மனைப்பிரிவுக் கொடிகள். போன வாரம் ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு க்ரீன் சர்க்கிளைத் தாண்ட நான் இருந்த ஆட்டோ இருபத்தைந்து நிமிஷம் எடுத்தது, அதுவும் மழையில்லாத நாளில். தமிழ்நாட்டில் பதிவான வண்டிகள் மூன்று கோடியைத் தாண்டிவிட்டன. ஐந்தில் நாலு டூவீலர். டூவீலர் மழைக்கு நிற்கும். நின்றவன் அடுத்த சம்பளத்தில் கடன் போட்டுக் கார் வாங்குவான். பாகாயத்தில் கல்லூரி, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, கண்ணமங்கலம், ஆரணி, போளூர், திருவண்ணாமலைக்குப் போகிற பஸ், கிரிவலக் கூட்டம், அமிர்திக்குப் போகிற சுற்றுலா வேன், எல்லாம் இந்த ஒரே ரோட்டில். போளூரிலிருந்து பிரசவ வலியோடு அடுக்கம்பாறைக்கு வருகிற பெண்ணுக்கும் இதே ரோடுதான். அவளுக்கு வேறு வழி கிடையாது.

நம்மிடம் இருப்பதை மறந்துவிடக் கூடாது. அட்லாண்டா புறநகரில் எனக்கு இல்லாத ஒன்று கணியம்பாடிக்கு இருக்கிறது: ரயில்வே ஸ்டேஷன். விழுப்புரம் - காட்பாடி பாதை. மீட்டர்கேஜை எடுத்து அகலப்பாதை போட்டு வருஷங்கள் ஆகின்றன. தண்டவாளம் இருக்கிறது, நாளைக்கு எத்தனை வண்டி நிற்கிறது என்று கேளுங்கள். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் இந்தச் சபையில் பாதிப் பேர் இருக்கிறீர்கள். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனபோது, இந்தப் பக்கத்து கிராமத்துப் பெண்கள் வேலூரில் வேலைக்குப் போக ஆரம்பித்ததை என் அத்தை பெண்ணே எனக்குச் சொன்னாள். அவளும் அதில் ஒருத்தி. ராத்திரி எட்டரைக்கு மேல் பஸ் கிடைக்குமா என்பதுதான் அவள் கேட்கிற ஒரே கேள்வி. பஸ் கிடைக்காது என்று பயந்தால் அவளும் ஸ்கூட்டி வாங்குவாள்.

அதனால் சங்கத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள். செயலாளர் அறிக்கையில் அடுத்த சந்திப்புக்குள் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தைச் சமப்படுத்தி கார் பார்க்கிங் போடப்போவதாகப் படித்தார்கள். காலையில் நான் வாசலில் எண்ணினேன், அறுபத்து மூன்று கார். முக்கால்வாசியில் ஒருத்தர் இரண்டு பேர்தான் வந்து இறங்கினார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு காட்பாடி வரை ரயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் கல்லூரிப் பஸ்கள் ஷெட்டில் சும்மா நிற்கின்றன. காலை எட்டரைக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று காட்பாடி ஸ்டேஷன் வாசலுக்கு அனுப்பினால் போதும். சாயங்காலம் அதேபோல் திருப்பி அனுப்பலாம். மைதானம் பையன்கள் விளையாட இருக்கட்டும். டிரைவருக்குப் படியும் டீசலும் முதல் வருஷத்துக்கு நான் தருகிறேன். பத்து மணி பஸ்ஸில் எனக்கு ஒரு ஜன்னல் சீட் மட்டும் போட்டு வையுங்கள்.